இரண்டு பேர் சொல்லவேண்டும்

2006 மார்ச் 7, பதுளை
மாநகரசபைக் கூட்டச் செய்தியைப் பேப்பருக்குத் தொலைநகலில் அனுப்பினேன். பிறகு மனைவி லீலாவின் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனேன். புற்றைக் காட்டும் சிஏ 125 அளவு ஏறியிருக்கிறது. ஸ்கேனிலும் சிறு கட்டி. சூலகப் புற்று திரும்பிவிட்டது. முதல் தடவை அறுவை, பிறகு பிளாட்டினம் சேர்ந்த மருந்து. அது முடிந்து ஒன்றரை வருடம் நன்றாக இருந்தாள். ஸ்பிரிங்வெளிப் பாடசாலையில் படிப்பிக்கவும் திரும்பியிருந்தாள்.

"ஸ்கொலர்ஷிப் வருஷத்துலயா வரணும் இது?" என்றாள். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் அஞ்சாம் வகுப்பு அவளுடையது.

மார்ச் 15
கண்டி. புற்றுநோய்ப் பிரிவு டொக்டர் கம்சலா அதே மருந்தையே திரும்பக் கொடுக்கப் போகிறார். சித்திரை வருடப்பிறப்பு கழிந்து தொடக்கம். கொழும்பில் ஓர் ஆய்வுக்கு, முதல் அறுவையில் வெட்டியெடுத்து மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டைத் தரச் சம்மதமா என்றும் கேட்டார்.

லீலா உடனே கையெழுத்திட்டாள். "மெழுகுல தூங்கிக்கிட்டுதானே இருக்கு. பாத்துக்கட்டும்."

ஏப்ரல் 4
கொழும்பு ஆய்வுகூடத்து ஜாபிரை எனக்குப் பழக்கம். முன்பு ஒரு கட்டுரைக்காகப் பேசியிருக்கிறேன். போன் செய்தேன். நோயாளிகளுக்கு முடிவு சொல்வதில்லை என்றார். நிருபன் விடுவேனா? கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டேன்.

அந்த மருந்து புற்றுக் கலத்தின் மரபுப்பொருளை உடைக்கும். உடைந்ததைச் செப்பனிடும் புரதம் ஒன்று உண்டு. அது கூடுதலாக இருந்தால் கலம் பிழைத்துக்கொள்ளும், மருந்து தோற்கும். லீலாவின் துண்டில் அது கூடுதல்.

"சேர், இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், இத வச்சி —" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 5
சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 8
சொல்லிவிட்டேன். மருந்து வேண்டாம் என்றும் சொன்னேன் — பலிக்காத ஒன்றுக்காக இன்னொரு தடவை அந்த வாந்தி, அந்தச் சோர்வு எதற்கு?

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"லுணுகலையில ஒரு கணக்கப்பிள்ளைய உசுரோட சாகடிச்சாங்களே உங்க பேப்பர்ல, அதுக்கப்புறம் என்ன சட்டம் போட்டாங்க?"

"மரணச் செய்தின்னா ரெண்டு பேர்கிட்ட கேக்கணும்."

"அவருக்கு ரெண்டு பேரு. எனக்கு மட்டும் ஒரு ஆளு போதுமா?"

அந்தக் கணக்கப்பிள்ளை, தான் செத்ததாகச் செய்தி வந்த பேப்பரும் கையுமாகக் காரியாலயத்துக்கே வந்து நின்றது ஞாபகம் வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தொலைத்தது.

ஏப்ரல் 12
கண்டி. உள்ளதை டொக்டர் கம்சலாவிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"ஜாபிர் சொன்னது பொய்யில்லை, ஐயா. கனபேரைச் சேர்த்துப் பார்க்கேக்க ஒரு போக்குத் தெரியுது. இவவுக்கு என்ன நடக்கும் எண்டு அது சொல்லாது. போன முறை இதே மருந்து ஒண்டரை வருஷம் தாங்கினது. நான் அதைத்தான் நம்புவன்."

லீலா என்னைப் பார்த்தாள். "இந்தா, ரெண்டாவது ஆளு. ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றாங்க. அப்படின்னா உங்க பேப்பர்ல என்ன செய்வீங்க?"

"போடாம வச்சிருப்போம்."

"அப்ப வச்சிருங்க. நா மருந்த ஏத்திக்கிறேன்."

ஜூன் 11
மருந்து ஏறியதிலிருந்து நாக்கெல்லாம் தகரமாம். டீயில் சீனி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்கிறாள்.

ஆகஸ்ட் 20
ஸ்கொலர்ஷிப் பரீட்சை. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பாடசாலை வாசல்வரை போய்ப் பிள்ளைகளை அனுப்பிவைத்தாள். வரும் வழியெல்லாம் தூக்கம். முகம் தெளிவாக இருந்தது.

செப்டெம்பர் 19
சிஏ 125 சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டது. ஜாபிருக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். கையில் தட்டினாள். "இரத்தம் மட்டும்தான் சொல்லியிருக்கு. ஸ்கேனும் சொல்லட்டும்."

செப்டெம்பர் 26
ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. "இப்போதைக்கு இல்லை" என்றார் டொக்டர்.

ஜாபிருக்குச் சொன்னேன். மகிழ்ந்தார், இதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்வாராம்.

வீட்டுக்கு வந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். "ரெண்டு ஆளாச்சு, எழுதுங்க," என்றாள் லீலா. "இப்போதைக்குன்னு சொன்னாங்களே, அதையும் விடாம போடுங்க."

போட்டுவிட்டேன்.

டீயில் சீனி கூடிவிட்டதாம். திட்டுகிறாள்.