பெண்ணின் அப்பா தூங்கிய நிமிடம்

மார்ச் 4
படம் முடிந்துவிட்டது. என் சொந்தப் படம், என் சொந்தக் கடன். ஒலி சேர்ப்பது மட்டும் பாக்கி. "பணம் வந்தாதான் உங்க படம் வாய் திறக்கும் சார்" என்கிறார் ஒலிக்கூடக்காரர். ஆகவே கலைஞன் இன்று ஒரு கல்யாண வீடியோவுக்கு ஒப்புக்கொண்டான்.
"இதையாவது எல்லாருக்கும் புரியற மாதிரி எடுங்க" என்றாள் மனைவி. பொறாமை.

மார்ச் 11
கல்யாணம் அமர்க்களம். மாப்பிள்ளையின் அத்தையும் பெண்ணின் சித்தியும் ஒரே நிறத்தில் உடுத்தி வந்துவிட்டு, நாள் முழுக்க எதிரெதிர் மூலையில் முறைத்துக்கொண்டிருந்தார்கள். விடுவேனா? இருவரையும் ஒரே ஷாட்டில் அடக்கினேன்.
சாயங்காலம் ஊரே மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, பெண்ணின் அப்பா மட்டும் கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிப்போனார். மடியில் மண்டபத்துச் சாவி. கேமராவை அசைக்காமல் ஒரு முழு நிமிடம் எடுத்தேன். என் படத்தில்கூட இப்படி ஒன்று விழவில்லை.

மார்ச் 19
வீடியோவைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அம்மா போனில் பிடித்துக்கொண்டார். "அத்தனை பேர் வந்திருந்தாங்க, இவர் குறட்டை விடறதுதான் கிடைச்சுதா? அதை வெட்டி எடுத்தாதான் மீதிப் பணம்."
எடுக்க மாட்டேன்.

மார்ச் 20
எடுத்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஒலி சேர்க்க எனக்குத் தந்த தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம் ஒலிக்கூடக்காரர். "பெத்த பிள்ளைய வெட்டற மாதிரி இருக்குடி" என்றேன். "நிஜமா பெத்தது ஃபீஸ் கேட்டு நிக்குது, அதைப் பாருங்க."

மார்ச் 23
மீதிப் பணத்துடன் பெண்ணின் அப்பாவே வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். அடிக்கப்போகிறாரோ?
"வெட்டினீங்களே, அது இருக்கா சார்? வீட்ல சொல்லிடாதீங்க."
போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார். அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன். "நான் இவ்வளவு நிம்மதியா இருந்து நானே பார்த்ததில்ல." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க படமும் இப்படித்தான் இருக்குமா?"
"முழுக்க இப்படித்தான் சார்."
"அப்ப கண்டிப்பா வரேன்."

ஏப்ரல் 2
படம் வாய் திறந்தது.

ஏப்ரல் 9
இரண்டு கல்யாணங்களுக்கு முன்பணம். கொடுத்த இருவருமே பெண்ணின் அப்பாக்கள். தாங்கள் தூங்கும் நிமிடமும் வேண்டுமாம், வீட்டில் தெரியக்கூடாதாம்! நம்ம ஆள் ரகசியத்தை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினாரோ?

ஏப்ரல் 20
முதல் திரையிடல். பாதி அரங்கு நிறைந்தது (நான் பாதி என்றால் கால் என்று படிக்கவும்). முதல் வரிசையில் பெண்ணின் அப்பா. நடுவே எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைப் பிளந்து, சொகுசான தூக்கம்.
மனைவி முழங்கையால் இடித்தாள். "எழுப்பட்டுமா?"
"இரு. இன்னும் ஒரு நிமிஷம்."