இருபத்து மூன்றாம் பக்கத்தில் படுத்திருப்பவர்

அனுப்புநர்:
எதெல்வினா சோக்கே,
(காலஞ்சென்ற நிகானோர் தொலாவின் மனைவி),
செயலாளர், தாய்மார் சங்கம்,
சீக்காபம்பா, வாயகுந்து மாவட்டம்.

பெறுநர்:
கர்னல் இயக்குநர் அவர்கள்,
தேசியக் காவல்துறை வான்பிரிவு,
தலைநகர்.

பொருள்: இறங்குதளம் எண் 17-இல் நிற்கும் உருளைக்கிழங்குப் பயிரைப் பிடுங்கச் சொல்லும் உத்தரவை ரத்து செய்வதும், தங்கள் ஆண்டுமலரின் 23-ஆம் பக்கப் படத்தைத் திருத்துவதும் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 25.1.2016.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு என்றால் வணக்கம் இருக்க வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறேன்.

1. 2006-ஆம் ஆண்டு தங்கள் சார்ஜென்ட் வில்ஃப்ரெதோ எங்கள் ஊருக்கு வந்தார். மலைச்சரிவான எங்கள் ஊரில் சமமான நிலம் ஒன்றுதான் உண்டு. அது எங்களுடையது. "இந்த நிலத்த மட்டும் குடுங்கம்மா. யாருக்காச்சும் முடியலன்னா ரேடியோவுல ஒரு வார்த்த சொல்லுங்க, நாப்பது நிமிஷத்துல தலைக்கு மேல நிப்போம்" என்றார். என் கணவர் நம்பினார். கல் பதித்து, சுண்ணாம்பு அடித்து, நிலத்தின் நடுவில் பெரிதாக ஹெச் எழுத்தை வரைந்தவர் அவர்தான். ஒன்பது வருடம் மாதந்தோறும் சுண்ணாம்பு அடித்தார். ஒருமுறைகூட அங்கே எதுவும் இறங்கவில்லை. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்பானிய மொழியில் அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் ஒலி கிடையாது. எழுதியிருக்கும், வாய் திறக்காது. தங்கள் பிரிவுக்குப் பொருத்தமான எழுத்தைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள்.

2. ஆபத்து என்றால் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேலே பிடித்து இடவலமாக ஆட்ட வேண்டும் என்று சார்ஜென்ட் எங்களுக்கு மூன்று முறை பயிற்சி கொடுத்தார். இங்கே திருவிழாவில் ஆணும் பெண்ணும் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டித்தான் ஆடுவோம். இரண்டும் ஒன்றுபோல் இருக்குமே என்று நான் அன்றே கேட்டேன். "மேலருந்து பாக்குற எங்களுக்கு ஆட்டம் எது, ஆபத்து எதுன்னு தெரியாதாம்மா?" என்று சிரித்தார்.

3. 11.3.2015 அன்று என் கணவரின் வயிறு கல்லாக இறுகிவிட்டது. உள்ளே குடல்வால் வெடித்திருக்கிறது, உடனே அறுவை செய்தாக வேண்டும் என்றார் சுகாதார நிலையத்து ஃபெலீசா. மழையில் சாலை சரிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு ரேடியோவில் சொன்னோம். வருகிறது என்று பதில் வந்தது. என் கல்யாணத்துக்கு நெய்த சிவப்புக் கம்பளியில் அவரைக் கிடத்தி, சார்ஜென்ட் சொல்லிவைத்தபடியே, ஹெச் எழுத்தின் குறுக்குக் கோட்டில் வைத்தோம். வானத்தில் மேகமே இல்லை. பதினொன்றரைக்குத் தங்கள் ஹெலிகாப்டர் வந்தது. இரண்டு சுற்று சுற்றியது. நாங்கள் துணியை ஆட்டினோம். கதவு திறந்தது, ஒருவர் எங்களைப் படம் எடுத்தார். பிறகு மிட்டாய்ப் பொட்டலங்கள் விழுந்தன. ஹெலிகாப்டர் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட அந்த மிட்டாயைத் தொடவில்லை.

"எங்க போறானுங்க?" என்று என் கணவர் கேட்டார். "திரும்பி வருவாங்க, படுங்க" என்றேன். மாலை நான்கு மணிக்கு அந்தக் கோட்டின் மேலேயே இறந்துபோனார். திரும்பி வருவார்கள் என்றேனே, இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் தங்கள் அலுவலகத்துடையவை.

4. ஏப்ரலில் பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். "அன்னைக்கு அந்தப் பக்கம் எதுவுமே பறக்கலம்மா. ரெஜிஸ்டர்ல இல்லாதது வானத்துலயும் இல்ல" என்றார் அங்கிருந்த எழுத்தர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஹெலிகாப்டரை ரெஜிஸ்டரில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

5. சென்ற மாதம் தங்கள் காவலர் ஒருவர் பார்வையில் கண்ட அறிவிப்பைக் கொண்டுவந்தார். அதே உறையில், அன்பளிப்பாக, தங்கள் பிரிவின் இருபதாம் ஆண்டுமலரும் இருந்தது. ஒரு ஹெலிகாப்டரில் தொடங்கி இன்று ஒன்பது, புதிய கொட்டகை, நாற்பத்திரண்டு இறங்குதளங்கள் என்று வளர்ச்சியெல்லாம் எழுதியிருக்கிறது. வளருங்கள். 23-ஆம் பக்கத்தில் என் நிலம் இருக்கிறது. கீழே, "சீக்காபம்பா மக்கள் கைக்குட்டை ஆட்டி நமது ஹெலிகாப்டரை மகிழ்ச்சியுடன் வரவேற்கின்றனர், 11.3.2015" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எழுத்தர் இல்லையென்று சொன்ன நாளை உங்கள் புத்தகமே சொல்லிவிட்டது. எங்களுக்காக வந்தது அல்ல, இந்தப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தது என்று இப்போதுதான் விளங்கியது.

தயவுசெய்து படத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். அதில் பதினொரு பேர் இருக்கிறோம். பத்துப் பேர் நிற்கிறோம். எங்கள் கையில் இருப்பவை கைக்குட்டைகள் அல்ல, ஃபெலீசா கிழித்துக் கொடுத்த படுக்கை விரிப்பின் துண்டுகள். பதினோராவது ஆள் சிவப்புக் கம்பளியில் படுத்திருக்கிறார். படுத்துக்கொண்டு யாராவது வரவேற்பார்களா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

6. நவம்பரில் அந்த நிலத்தில் உருளைக்கிழங்கு நட்டேன். அரசின் இறங்குதளத்தை நான் அழித்துவிட்டதாகவும், பதினைந்து நாளில் பயிரைப் பிடுங்காவிட்டால் ஆள் வந்து பிடுங்கும் என்றும் அறிவிப்பு சொல்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை. என் கணவர் பதித்த கல்லை எடுத்துவிட்டு, ஹெச் இருந்த கோடு பிசகாமல் வெள்ளைப் பூ பூக்கும் ரகத்தையும், மற்ற இடமெல்லாம் ஊதாப் பூ ரகத்தையும் நட்டிருக்கிறேன். இப்போது பூத்திருக்கிறது. சுண்ணாம்பைவிடத் தெளிவாகவே தெரிகிறது.

7. எனவே, பயிரைப் பிடுங்கும் உத்தரவை ரத்து செய்து நிலத்தை எனக்கே திருப்பித் தருமாறும், அந்த நாளைத் தங்கள் ரெஜிஸ்டரில் ஏற்றுமாறும், படத்தின் கீழுள்ள வரியை அடித்துவிட்டு, "நிகானோர் தொலா, வயது 46, உங்கள் ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கிறார்" என்று அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். 23-ஆம் பக்கத்தை இத்துடன் இணைக்கவில்லை. என்னிடம் அவருடைய படம் வேறு இல்லை. உங்களிடம் பிரதிகள் நிறைய இருக்கும்.

8. மறுத்தால், பிடுங்குவதற்கு ஆளை ஹெலிகாப்டரிலேயே அனுப்புங்கள். சாலை இந்த வருடமும் சரிந்துதான் கிடக்கிறது. எழுத்து பூத்து நிற்கிறது, இடம் தேட வேண்டியதில்லை. நாங்கள் பத்துப் பேரும் நிலத்தில் நிற்போம். யாரும் துணி ஆட்ட மாட்டோம்.

இடம்: சீக்காபம்பா
நாள்: 6.2.2016

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்காமல், ஆனால் கேட்டு,
எதெல்வினா சோக்கே