கல்லில் ஏறாத பெயர்

தைனான், தைவான்
3 மார்ச் 1986

அன்புள்ள அக்கா,

அத்தானும் பிள்ளைகளும் சுகமா? இங்கே தெற்கு மயானத்தின் குறுக்கே சாலை வரப்போகிறது. நம் வம்சத்துக் கல்லறையும் அதில் போகும். இருநூறு வருடக் கருங்கல் அல்லவா, புராதனச் சின்னமாக அறிவிக்கும்படி மனு கொடுத்திருக்கிறேன். அறிவித்துவிட்டால் யாரும் தொட முடியாது. மாதக் கடைசியில் பார்வையிட வருகிறார்கள்.

தம்பி போக்செங்

ஹுவாலியன்
9 மார்ச்

அன்புத் தம்பி,

எல்லோரும் சுகம். யாரும் தொட முடியாது என்றால் நாமும்தானே? அப்பா பெயரும் பெரியம்மா பெயரும் கல்லில் இருக்கின்றன. நம் அம்மாவின் எலும்புகளைச் சேர்த்து வைத்த சாடி மட்டும் பின்மூலை மண்ணில். "ரெண்டாந்தாரத்துக்கு எதுக்குப் பேரு? எடம் குடுத்ததே பெரிசு" என்றார் சித்தப்பா. நீ என் கையைப் பிடித்து, "அவரு காலம் முடியட்டும்க்கா, நானே வெட்டி வைக்கிறேன்" என்றாய். அவர் போயும் இரண்டு வருடமாகிறது. அவர்கள் வருமுன் வெட்டிவிடு. மூன்றே எழுத்து.

அக்கா சுயிலான்

16 மார்ச்

அக்காவுக்கு,

கல்கொத்தரை அழைத்துப் போய்க் காட்டினேன். "புது உளி பட்டா வெள்ளையாத் தெரியும் தம்பி, மறைக்க முடியாது" என்றார். கல்லைக் கெடுத்தோம் என்று மனுவைத் தள்ளினால் அப்பாவும் போவார், அம்மாவும் போவார். பெயர் இல்லாவிட்டாலும் அம்மா அங்கேதானே இருக்கிறார்? கொஞ்சம் பொறு.

போக்செங்

26 மார்ச்

தம்பி,

பொறு என்று அம்மாவிடம் எல்லோரும் சொன்னார்கள். இப்போது நீயும் சொல்கிறாய்.

சனிக்கிழமை தைனான் வந்தேன். உன் வீட்டுக்கு வர மனமில்லை. மயானத்தில் சாடியைத் தோண்டுமுன், எலும்பெடுக்கிறவர் ஊதுபத்தி ஏற்றி, "உங்க மக வந்திருக்கா, கெளம்பலாமா?" என்று அம்மாவைக் கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. ஒரு கல்லையும் அசைக்கவில்லை, பயப்படாதே.

சாடியை மடியில் வைத்து ரயிலில் வந்தேன். பக்கத்திலிருந்தவள், "ஊறுகாயா?" என்றாள். "எங்கம்மா" என்றேன். எழுந்து வேறிடம் போய்விட்டாள்.

கடல் தெரியும் மேட்டில் அம்மாவை வைத்து, பெயர் வெட்டியாயிற்று. உன் மனு ஜெயிக்கட்டும்.

சுயிலான்

14 ஏப்ரல்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் கத்த வேண்டும் போலிருந்தது. அதனால்தான் உடனே எழுதவில்லை.

கல்லறையை அறிவித்துவிட்டார்கள். பார்வையிட்ட அன்று அதிகாரி கேட்டார்: "முன்னோரைத் தவிர உள்ள யாரு இருக்காங்க?"

"எங்கப்பா, பெரியம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அக்கா. வீட்டுக்கு வந்தபின் அது புரிந்தது.

அந்த மேட்டுக்கு எப்படி வரவேண்டும் என்று எழுது. வராதே என்பதானாலும் எழுது.

போக்செங்