மேசை கதவைப் பார்க்கட்டும்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம் என்றுதானே தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

கொல்லையில் எழும்பும் நம் தச்சுப் பட்டறையில் ஒரு மாற்றம். வேலை மேசையை ஜன்னலை ஒட்டிப் போடச் சொல்லியிருந்தேன் அல்லவா, அது வேண்டாம். கதவைப் பார்த்துப் போடட்டும். "மாமாவுக்கு என்ன ஆச்சு? ஜன்னலுக்கு முதுகைக் காட்டினா சொந்த நிழல்லதானே இழைக்கணும்!" என்று கொத்தனாரான உன் தம்பி குதிப்பான். குதிக்கட்டும். விளக்குப் போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் இங்கே பலகை ஏற்றிய தள்ளுவண்டி பின்னாலிருந்து என் இடுப்பில் லேசாக இடித்தது. தள்ளியவன் கத்திக்கொண்டே வந்தானாம். "என்னப்பா, செவிடன் காதுல ஊதின சங்கா இருக்கே!" என்று மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். காயம் ஒன்றுமில்லை. நாள் முழுக்க ரம்ப மெஷினோடு நிற்கிறேன், காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

இனிமேல் போன் வேண்டாம், லைன் சரியில்லை. பாப்பா சொல்வதையெல்லாம் எழுதி அனுப்பு. போன தடவை என்னவோ கேட்டாள், "சரிடா தங்கம்" என்றேன். என்ன கேட்டாள்?

நீ சாப்பிடக் கூப்பிட வரும்போது எனக்கு உன் முகம் தெரிய வேண்டும். மேசையை மறந்துவிடாதே.

மணி அடித்துவிட்டது போலிருக்கிறது. எல்லோரும் எழுந்து போகிறார்கள்.

உன்னவன்