தாய்மாமன் வந்த கல்யாணம்

செங்கல்பட்டு
ஆகஸ்ட் 17

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. கடல் கடந்து அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது நான் எடுக்கவில்லை, சிக்னல் இல்லை என்று அப்பா சொல்லியிருப்பார், சிக்னல் இருந்தது. பேசினால் நீ அழுவாய், நான் இணைப்பைத் துண்டித்துவிடுவேன், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். இங்கே இரண்டு நாளாக மாலையில் மழை, மதுராந்தகம் ஏரிக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிடுகிறார். எதிர்வீட்டு லோகநாயகிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கரை வைத்துக்கொண்டு வாசல்வரை வருகிறார், வந்தவுடன் உன்னைத்தான் விசாரிக்கிறார், பெண்ணுக்கு இடம் பார்க்கிறீர்களா என்று. பார்க்கிறோம் என்று ஜூலை மாதம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் எனக்கு வீட்டுப்பட்டியல் கணக்கெடுப்பு வேலை போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மாமல்லபுரத்தில் இருப்பதால் அங்கேயே பகுதி ஒதுக்கிவிட்டார்கள், அதில் கடலரசி மேன்ஷனும் வந்தது. பதினோரு வருடமாகப் பள்ளியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நடக்கிறேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் இப்போது விஷயம். ஆட்டோக்காரர்கள் அதை ஐ.நா. சபை என்று கேலி செய்வார்கள். பத்து வருடம் முன்பு மசாஜ் நிலையம் என்ற பெயரில் நடந்த ஏதோ ஒன்றுக்காகப் போலீஸ் வந்து ஒரு தளத்தையே பூட்டிவிட்டுப் போனது, அதிலிருந்து அந்தப் பெயர் கெட்டதுதான். முதல் நாள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டுதான் படியேறினேன். சுண்ணாம்பு உதிர்ந்த நான்கு மாடி, படிக்கட்டெல்லாம் கல்தூள், ஒரு தளத்தில் கடுகெண்ணெய் வாசனை, அடுத்த தளத்தில் ஊதுவத்தி. கீழே காஷ்மீர்க்காரர்களின் சால்வைக் கடைகள், அவர்கள் கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறார்கள். மேலே ரிசார்ட்டுகளில் சமைக்கும் நேபாளத்து ஆட்கள், கல்லுக்கு மெருகு போடும் ஒடிசாக்காரர்கள், ஒன்பது வருடமாக ஊர் திரும்பாத ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி. கூரை எதனால் ஆனது என்று சால்வைக் கடைக்காரரைக் கேட்டேன், "மேடம், எங்க கூரை சாராளம்மாவோட தரை, அப்டியே எழுதிக்கோ" என்றார். முக்கியமாக உண்ணும் தானியம் எது என்ற கேள்விக்கு ஒரு நேபாளச் சமையல்காரர் யோசித்து, "காலைல ரொட்டி, நைட்டு சோறு, மத்தியானம் சாராளக்கா இன்னா குடுக்குதோ அது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்த மாதிரி ஒன்றும் இல்லையே, இத்தனை வருடம் வீணாக ஒதுங்கிப் போனோமே என்று நினைத்தேன் பிரியா, அந்த நினைப்பு அடுத்த வாசல்வரைதான் இருந்தது.

முதல் மாடியில் மெஸ் நடத்தும் அந்தச் சாராள் அம்மாளை எனக்கு முன்பே தெரியும், என்னிடம் பிளஸ் டூவில் வேதியியல் படித்த ஜோஷ்வாவின் அம்மா, கணவர் இல்லாதவர், பெற்றோர் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார். வாசலில் நின்று கதவில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க டீச்சரம்மா, வாங்க சம்மந்தி! இன்னாத்துக்கு வெளியவே நின்னுகினு கீறீங்க? அஞ்சு மாசம் களிச்சாவது மனசு வந்துச்சே, அது போதும் எனக்கு" என்றார். என் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், "ஏய், யாரு வந்துகீறாங்க பாருங்கப்பா, எம் மருமவளோட அம்மா" என்று கத்திவிட்டார். எச்சில் கையோடு ஏழெட்டுப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அந்தப் பிரெஞ்சுப் பெண்மணிகூடத் தட்டை வைத்துவிட்டுக் கும்பிட்டார். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு சாராள் அம்மாள் தன் ஃபோனில் படங்களைக் காட்டினார். கட்டடத்து மொட்டை மாடியில் பந்தல். நீ மஞ்சள் பட்டில். பக்கத்தில் ஜோஷ்வா. பாஸ்டர் ஜெபம் செய்கிறார், அப்பா கைகட்டி நிற்கிறார், அச்சரப்பாக்கத்தில் நிலத்து விஷயம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு போன அதே வெள்ளைச் சட்டை. அடுத்த படத்தில் என் தம்பி கேசவன் உன் நெற்றியில் பட்டம் கட்டுகிறான். தாய்மாமன் பட்டம் கட்டாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்கக்கூடாது என்று யாருக்கோ நினைவு இருந்திருக்கிறது. பிரியா, அவன் உனக்கு எப்படி மாமன் ஆனான்? என் வழியாகத்தானே? அந்த முறையை விட்டுவிடக்கூடாது என்று தேடிப் பிடித்து அழைத்துப் போனவர்களுக்கு, அந்த முறை யாரால் வந்தது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? மார்ச் மாதம் பொதுத்தேர்வு வேலையில் நான் காலை ஆறரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் இரண்டு முறை நீ வீடியோவில் பேசினாய், பின்னால் வெள்ளைச் சுவர், ஏதோ சத்தம் கேட்கிறதே என்றேன், ஹீட்டர் என்றாய். அது சாராள் அம்மாள் வீட்டு மின்விசிறி. யார் எதைச் சொன்னாலும் இரண்டாவது கேள்வி கேட்கிறவள் நான், உன்னிடம் கேட்கவில்லை.

இதையெல்லாம்விட ஒன்றுதான் எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. டீயைக் கையில் கொடுத்துவிட்டு சாராள் அம்மாள் சொன்னார், "உங்க வூட்டு ஐயா வந்து சொன்னாரு, எவ்ளோ சொல்லியும் அம்மா ஒத்துக்கல, செத்தாலும் அந்த பில்டிங்ல கால் வைக்க மாட்டேன்னுட்டாங்கன்னு. புள்ளயப் பெத்தவளுக்கு எப்டி இருக்கும் சொல்லுங்க டீச்சரம்மா. ரெண்டு நாளு சோறு எறங்கல. எங்க சாதி ஆளுங்கன்னாலே எல்லாரும் இப்டித்தான்னு நெனச்சிக்கினேன்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்னிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை என்று அந்த இடத்தில் சொன்னால், அத்தனை பேர் முன்னால் என் கணவரும் மகளும் பொய்யர்கள். சொல்லாவிட்டால் நான் சாதி பார்த்துக் கல்யாணத்துக்கு வராத ஒருத்தி. டீயைக் குடித்தேன். பிறகு வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். நான், என் புள்ள, மருமவ என்றார். வெளிநாட்டில் இருப்பவர்களைச் சேர்க்க முடியாது என்று விதியைச் சொன்னேன். "பேரயாவது எழுதிக்கோங்க, உங்க பொண்ணுதானே" என்று கெஞ்சினார். எழுதவில்லை. ஒரு நபர் என்று பதிந்தேன். அதையும் அவர் வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டிருப்பார், அவர் முகம் அப்படிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீ இன்னா சொல்லுவேன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். கேசவனைக் கேட்டேன். "அக்கா, தாய்மாமன் இல்லாம பண்ணா நாளைக்கு நீயே திட்டுவ, அதான் போனேன்" என்கிறான், பாதி வெட்கம் பாதி வீரம். அப்பாவின் பயம் எதுவென்று எனக்குத் தெரியும். அச்சரப்பாக்கத்துப் பங்காளிகளிடம், மாப்பிள்ளை காலனிப் பையன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தன் பயத்துக்கு என் பெயரை வைத்துவிட்டார். அவருக்கு அது சுலபம், வீட்டில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருப்பவள் நான்தானே. ஆனால் நீ அதை நம்பியது எப்படி?

ஒரு காரணம் எனக்கே தெரியும், மறைக்கவில்லை. ஜோஷ்வா கல்லூரி விடுதிக்கு விண்ணப்பம் எழுதியபோது, கடலரசி மேன்ஷன் என்று போடாதே, உன் சித்தப்பா வீட்டு முகவரியைப் போடு என்று நான்தான் சொன்னேன். அந்தப் பையனுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன், ஆனால் சொன்னது சொன்னதுதான். தன் அம்மா இட்லி ஊற்றி நடத்தும் வீட்டை மறைக்கச் சொன்னவள் என்று அவன் மனதில் நின்றிருந்தால் அது என் பிழை, அதற்கு அவனிடம் நானே தனியாக எழுதுவேன். அதை வைத்துக்கொண்டு நீங்கள் எனக்குத் தீர்ப்பு எழுதியது என் பிழை அல்ல. நான் உடனே சரி என்று சொல்லியிருப்பேன் என்று இப்போது நல்லவள் வேஷம் போட மாட்டேன். பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அழுதும் இருப்பேன். கேள்வி கேட்பதும் மறுப்பதும் ஒன்றா? வராமல் போவதற்குக்கூட எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டும் அல்லவா? அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டு, வரவில்லை என்ற பழியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். மூன்று பேரும் கூடி என் வாய்க்குள் ஒரு பதிலை வைத்தீர்கள். அந்தப் பதில் என்னுடையது இல்லை.

வருகிற ஞாயிறு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார் சாராள் அம்மாள். அவர் மீன் குழம்பு வைப்பாராம். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திருந்தி வந்த சம்பந்தி என்று என்னை உட்கார வைத்துப் பரிமாறுவார்கள், அதைச் சாப்பிட என்னால் முடியாது. அதனால் உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். நீயே அவருக்கு ஃபோன் செய்து, அம்மா மறுக்கவில்லை, அம்மாவை நாங்கள் கேட்கவே இல்லை என்று சொல். அப்பாவைச் சொல்லச் சொல்லாதே, அவர் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார். ஜோஷ்வா வழியாகவும் வேண்டாம். நீ சொல். சொன்ன பிறகு எனக்குக் கூப்பிடு, அதுவரை வேண்டாம்.

அங்கே குளிர் வருவதற்குள் நல்ல காலணி வாங்கிக்கொள், வைட்டமின் மாத்திரையை விடாதே, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்று வெறும் பிரெட்டில் பொழுதை ஓட்டாதே. இரண்டு பேர் என்று இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, ஆனாலும் பெற்றவளின் ஆசியைக் கோபம் தடுக்காது, அது உங்கள் இருவருக்கும் உண்டு. நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் உண்மையாக, நீண்ட காலம் நன்றாக இருங்கள். மறக்காதே, சாராள் அம்மாளுக்கு இடது காது மந்தம். அழுதுகொண்டே முனகினால் அவருக்குக் கேட்காது. சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
தமிழ்ச்செல்வி