இனிஷியலை விரித்ததால் வந்த வினை

என் செல்ல வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் நீ ஊசி போடும் ஆடு மாடுகளும் நன்றாக இருக்க வேண்டும். கவருக்குள் ஒரு மஞ்சள் தாள் மடித்து வைத்திருக்கிறேன், கடிதத்தை முழுதும் படித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். இந்நேரம் பிரித்திருப்பாய், எனக்குத் தெரியாதா, உன்னைப் பெற்றவன் நான். பரவாயில்லை, பிரித்துவிட்டு ஒரு குதி குதித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. எனக்கே இருப்புக்கொள்ளவில்லை, எழுத்து கோணல்மாணலாகப் போகிறது பார்.

போன வாரம் போனில் நீ, விடுங்கப்பா, உதவித்தொகை வர்ற மாதிரி தெரியல, ஒரு வருஷம் படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போறேன் என்று சொன்னாயே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வருஷத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே நடந்துகொண்டிருந்த கூத்தை உனக்குப் பரீட்சை முடியும் வரை சொல்லக் கூடாது என்று உன் அம்மா என் வாயைக் கட்டிவிட்டாள். இப்போது அவிழ்த்துவிட்டாள், கேள்.

லீவில் வந்திருந்தபோது நீ உதவித்தொகை விண்ணப்பம் பூர்த்தி செய்தாய் அல்லவா, அதில் இனிஷியலை விரித்து எழுதவும் என்று போட்டிருந்தது. நீயும் என் பெயரை முழுதாக முதலில் எழுதி, அதன் பின்னால் உன் பெயரை எழுதினாய். உதவித்தொகை அலுவலகத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர், முதலில் இருக்கிற பெயர் மாணவர், அடுத்து இருப்பது பாதுகாவலர் என்று பதிந்துவிட்டார். இனிஷியலை விரித்ததில் நான் முழுசாக வெளியே வந்து விழுந்துவிட்டேன்! மூன்று வாரம் முன்பு என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அன்புள்ள மாணவரே, கால்நடை மருத்துவம் முதலாம் ஆண்டு மதிப்பெண் பட்டியலையும், உங்கள் பாதுகாவலரின் வருமானச் சான்றிதழையும் அனுப்பவும் என்று. பாதுகாவலர் யார், நீ! உன் அம்மா சிரித்த சிரிப்பில் குக்கர் விசிலே கேட்கவில்லை. லிஃப்ட் கம்பெனியில் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன், அன்றிலிருந்து சூப்பர்வைசர் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார். டாக்டர், ஆறாம் நம்பர் கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சு, போய் நாடி பிடிச்சுப் பாருங்க என்கிறார்.

அரை நாள் லீவு போட்டு, உன் மதிப்பெண் பட்டியலையும் என் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கை துறுதுறுத்தது, ஆனால் அது வேறு கம்பெனி லிஃப்ட், தொடக் கூடாது. மூச்சு வாங்க ஏறிப் போனால் மூன்றாம் கவுண்ட்டரில் ஏழாம் கவுண்ட்டருக்குப் போகச் சொன்னார்கள், ஏழில் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பேர் திருத்தணும்னா மாணவரே நேர்ல வந்து கைப்பட எழுதித் தரணும், இன்னைக்குத்தான் கடைசி நாள் என்றார். என் பொண்ணு ரெண்டு நாள் பயணத் தூரத்துல இருக்கா, அவளுக்குப் பரீட்சை என்று கெஞ்சினேன். விதியை நான் எழுதலீங்களே சார் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, முகம் வாடித்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன், கேட்க ஆள்தான் இல்லை. இறங்கிவிட்டேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பொறி தட்டியது. அவர்கள் ரெக்கார்டுப்படி மாணவர் யார்? நான்! நேரில் வந்திருப்பது யார்? நான்! இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன், ஐம்பத்து மூன்று வயதில். கவுண்ட்டரில் போய், அம்மா, மாணவர் வந்திருக்கேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் தலையில் இருந்த கண்ணாடி நழுவி மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்க சொல்றது ரூல்படி சரிதான் சார் என்று ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் நான், அதற்குப் பிறகு லிஃப்ட் பழுது ரிப்போர்ட் தவிர எதுவும் எழுதியதில்லை. யோசித்து மூன்றே வரி எழுதினேன். நான் மாணவன் அல்ல. மாணவி என் மகள். நான் அவளுடைய அப்பா. கையெழுத்துப் போடும்போது கண் கலங்கிவிட்டது, ஏன் என்று கேட்காதே. அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பொண்ணு நல்லாப் படிக்குமா என்று மட்டும் கேட்டார். நான் உன் புராணத்தை ஆரம்பித்ததில் அவரே போதும் போதும் என்று முத்திரை குத்திவிட்டார். இன்று காலை உதவித்தொகை உத்தரவு, அதுதான் அந்த மஞ்சள் தாள், வந்துவிட்டது, படிப்பு முடியும் வரைக்கும் சேர்த்து! உன் அம்மா அதை நாலு தரம் வாங்கிப் பார்த்துவிட்டாள், ஒரு ஓரத்தில் மாவுக் கை பட்டிருக்கிறது, துடைத்துவிட்டுக் கொடு.

வேலைக்குப் போகிறேன் என்ற பேச்சே இனி வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, மாட்டுக்குப் பின்னங்கால் பக்கம் நிற்காதே, டாக்டருக்கே அப்பா புத்தி சொல்கிறார் என்று நீ சிரித்தாலும் சரி. வெள்ளிக்கிழமைக்குள் தாளைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும், மறந்துவிடாதே. மாணவி என்று போட்டிருக்கும் இடத்தில் நீ கையெழுத்துப் போடு, அவசரத்தில் பக்கத்துக் கட்டத்தில் போட்டுவிடாதே, அங்கே நான் போட்டாயிற்று. முதல் வரியைப் பார்த்தாயா? உன் பெயர் கொட்டை எழுத்தில், அதற்கு முன்னால் நான் பழையபடி ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறேன். மூன்று வாரம் கல்லூரி மாணவனாக இருந்து பார்த்தாயிற்று, எனக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது. எந்தக் குறையும் இல்லாமல் படித்து நீ நினைத்த உயரத்துக்கு வரவேண்டும், அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் இனிஷியல்