மாமா சொன்ன ஓம்

1998 ஆனி, வெள்ளி இரவு

எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அகதி முகாமிலிருந்து பவளத்தைக் கைக்குழந்தையாக எடுத்து வந்த நாள் முதல், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரான என் மனைவியின் அண்ணன் இவள் எந்தக் குடி, எந்தக் குலம் என்றே கேட்டு வருகிறார். அந்த எரிச்சலில்தான், வளர்ப்பு மகளுக்குக் குடி தேடி ஊரூராக அலையும் ஒரு வண்ணக்கரைப் பற்றி நகைச்சுவை நாவல் எழுதத் தொடங்கினேன். முடிவுதான் வரவில்லை.

இன்று காலை மனைவியின் குடிக்குரிய பூசை. குடிப் பிள்ளைகளோடு பூத்தட்டு எடுக்க வந்த பவளத்தை மச்சான் மறித்தார்.

"மாமா," என்றாள்.

"ஓம், என்ன புள்ள?" என்றார், பழக்கத்தில்.

"நீங்க எனக்கு மாமா எண்டா நான் உங்கட தங்கச்சிர மகள்தானே? தாய்ர குடிதானே புள்ளைக்கும்?"

பூசகரே சிரித்துவிட்டார். மச்சான் தட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பவளம் முன்வரிசையில் நடந்து போனாள்.

கடைசி அத்தியாயத்தை இப்போதுதான் முடித்தேன். காலையில் சோதனைச் சாவடி திறந்ததும் தபால் கந்தோருக்குப் போய்க் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். மச்சான் வாரந்தோறும் அதை வாசிப்பவர். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் முதலில் அவர் நன்றாகச் சிரிக்க வேண்டும். அதனால் என் பெயரைப் போடப் போவதில்லை.